தலைக்கட்டில் இல்லாதவள்

தமிழ்நாட்டு முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசலை இடித்துப் பெரிதாகக் கட்டும்போதும் அதற்கு நூற்றாண்டு வரும்போதும் ஒரு மலர் போடுவார்கள். வழவழப்பான தாள், அட்டையில் மினாரா, உள்ளே இதுவரை இருந்த முத்தவல்லிகளின் படங்கள், ஹஜ்ரத்மார்களின் வாழ்த்துரை, நன்கொடையாளர் பட்டியல், கடைசிப் பக்கங்களில் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை விளம்பரங்கள். நான் தமிழ்த்துறையில் இருப்பதால் இவை எப்படியாவது என் கைக்கு வந்துவிடும். ‘இஸ்லாம் வளர்த்த தமிழ்’ என்று நான்கு பக்கம் கேட்டும் வருவார்கள், எழுதிக் கொடுத்திருக்கிறேன். நம் ஆய்வாளர்கள் உமறுப்புலவரோடும் குணங்குடி மஸ்தானோடும் நின்றுவிடுகிறார்கள், இந்த மலர்களை ஒரு பிரதியாகவே மதிப்பதில்லை. ஒரு மஹல்லா தன்னைப் பற்றித் தனக்கே சொல்லிக்கொள்ள விரும்பும் கதையை வேறெங்கே போய்ப் படிப்பது?

எல்லா மலர்களிலும் தவறாமல் ஒரு கட்டுரை இருக்கும். பள்ளிவாசல் தொழுவதற்கு மட்டுமான இடமல்ல, சமூகத்தின் மையம் என்பது அதன் சாரம். மதீனாவில் நபிகளின் பள்ளியிலிருந்து தொடங்கும். அங்கே வழக்குகள் கேட்கப்பட்டன, பாடம் நடந்தது, வீடில்லாத தோழர்கள் அதன் திண்ணையில் தங்கினார்கள், தூதுக்குழுக்கள் வந்து இறங்கின. அப்படியே ஊருக்கு வந்து, நம் பள்ளியும் அந்த வழியில்தான் நடக்கிறது என்று முடியும். இந்தக் கட்டுரையோடு எனக்குச் சண்டையில்லை. அதில் சொல்லப்படுபவை பெரும்பாலும் உண்மை. உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் பெண்ணிய எழுத்துக்குள் பள்ளிவாசல் வந்தால் அது பூட்டிய கதவாக மட்டுமே வந்துபோகிறது. பூட்டிய கதவுக்குள் இத்தனை வேலை நடக்காது.

நிக்காஹ் பதிவேடு பள்ளியில் இருக்கிறது. மணமகளின் பெயர், அவளுடைய வலி யார், வக்கீலாகப் போய்ச் சம்மதம் கேட்டவர் யார், சாட்சிகள் யார், மஹர் எவ்வளவு என்று எல்லாம் அதில் எழுதப்படும். கணவன் கைவிட்ட ஒருத்தி தனக்குக் கல்யாணம் நடந்தது என்பதையே நிரூபிக்க வேண்டிவந்தால் அந்தப் பதிவேட்டைத்தான் தேடி வருவாள். வெளியூர் சம்பந்தம் என்றால் மாப்பிள்ளையின் ஜமாஅத்திலிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும். ஏற்கெனவே மனைவி இருப்பவன் இன்னொரு ஊரில் போய்ப் புது மாப்பிள்ளையாக உட்கார முடியாமல் போன கதைகள் இந்தச் சான்றால் உண்டு. மௌத்தானால் சந்தூக் பள்ளியிலிருந்து வருகிறது, அடக்கம் செய்ய மையவாடி இருக்கிறது, குழி வெட்ட ஆள் இருக்கிறது. ஏழைக்கும் பணக்காரருக்கும் அதே சந்தூக். ரமலானில் அசர் தொழுகைக்குப் பின் தூக்குவாளியும் சொம்புமாகப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், நோன்புக் கஞ்சிக்கு. அந்தக் கஞ்சிக்கு அரசாங்கமே பள்ளிவாசல்கள் வழியாகப் பச்சரிசி தருகிறது. 2001-இல் தொடங்கிய ஏற்பாடு, ஆட்சிகள் மாறியும் நிற்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பள்ளிவாசல்கள் திறந்து கிடந்தன, உள்ளே யார் எந்த மதம் என்று கேட்காமல் படுக்க இடமும் சோறும் கிடைத்தன. மாலையில் மஃரிப் முடிந்து ஆண்கள் வெளியே வரும் நேரம், காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் வாசலில் நிற்பதைத் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பார்க்கலாம். அவர்களில் நிறையப் பேர் இந்துப் பெண்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பிள்ளையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள்.

அந்தப் பெண்களோடு சேர்ந்து வாசலில்தான் நானும் நின்றிருக்கிறேன். அதற்கு முன்னால் உள்ளேயும் இருந்திருக்கிறேன். பள்ளியை ஒட்டிய மக்தபில் அலிஃப், பே படித்தேன், குர்ஆனை முடித்தேன், ஹவுளில் மீன்களுக்குப் பொரி போட்டேன். பதினோரு வயதோடு அது நின்றது. பிறகு பள்ளிவாசல் எனக்கு ஒரு ஓசையாகிவிட்டது. ஐந்து வேளை பாங்கு, வெள்ளிக்கிழமை பயான், இடையிடையே மௌத்து அறிவிப்பு. அறிவிப்பில் ஆண் இறந்தால் பெயர் வரும், தொழில் வரும், வீட்டின் பெயர் வரும். பெண் இறந்தால் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்று வரும். எங்கள் நன்னிமா மௌத்தானபோது ஒலிபெருக்கி நான்கு ஆண்களின் பெயரைச் சொன்னது. அவர் பெயரைச் சொல்லவில்லை.

இது ஓர் ஊர் மோதினாரின் மறதியல்ல. நிர்வாகம் மனிதர்களை எண்ணும் முறையே அப்படி. ஜமாஅத்தின் அலகு தலைக்கட்டு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் பெயரில் சந்தா, அவன் பெயரில் ரசீது, அவனுக்கு ஓட்டு. சந்தா பாக்கியிருந்தால் அந்த வீட்டு நிக்காஹுக்குப் பதிவேடு வராது, ஆகவே பாக்கி வைக்க யாரும் துணிவதில்லை. கணவன் இறந்துபோய்த் தையல் மெஷினை வைத்துக் குடும்பம் நடத்துகிறவளிடம் சந்தா வாங்கிக்கொள்ளும் ஊர்களும் உண்டு, பாதியாகக் குறைத்துக்கொள்ளும் ஊர்களும் உண்டு, வேண்டாம் என்று விட்டுவிடும் இரக்கமுள்ள ஊர்களும் உண்டு. வாங்கினாலும் ரசீது மகன் பெயரில் எழுதப்படும், அவனுக்கு ஏழு வயதானாலும். ஜமாஅத் கூட்டத்துக்கு அவளை அழைக்கிற ஊர் அரிது. இரக்கம் வேறு, கணக்கில் ஆளாக எடுத்துக்கொள்வது வேறு என்பதை இந்த ரசீது புத்தகத்தைவிட நன்றாக எந்தக் கோட்பாட்டு நூலும் எனக்குக் கற்பிக்கவில்லை.

இன்னொரு வகை எழுத்தும் என் கையில் இருக்கிறது. தமிழ் படித்தவள் என்பதால் ஊரில் பெண்கள் என்னிடம் வந்து மனு எழுதிக் கேட்பார்கள். கலெக்டருக்கு, போலீஸ் ஸ்டேஷனுக்கு, எல்லாவற்றையும்விட அதிகமாக ஜமாஅத்துக்கு. அந்த மனுவுக்கு ஒரு இலக்கணம் உண்டு. ‘கண்ணியத்திற்குரிய ஜமாஅத் நாட்டாண்மை, முத்தவல்லி மற்றும் நிர்வாகிகளின் சமூகத்திற்கு, அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று தொடங்கும். பிறகு மனுதாரர் தான் யாருடைய மகள், யாருடைய மனைவி என்று சொல்ல வேண்டும். நகை எத்தனை பவுன் போட்டார்கள், மாப்பிள்ளை வீட்டுக்கு ரொக்கம் எவ்வளவு போனது, எந்த மாதத்திலிருந்து அடி, எந்தத் தேதியில் பிள்ளைகளோடு தாய்வீட்டில் கொண்டுவந்து விடப்பட்டாள். கடைசியில், ‘அல்லாஹ்வுக்குப் பயந்து எனக்கு நீதி வழங்குமாறு’ என்று முடியும். இந்த வடிவத்தை நான் உண்டாக்கவில்லை. முதல் மனு எழுதியபோதே வந்திருந்த பெண் வரிவரியாகச் சொன்னாள், நான் எழுதினேன். பெண்கள் வாய்வழியாகவே இந்த வடிவத்தைத் தலைமுறையாக வைத்திருக்கிறார்கள்.

எழுதிய மனுவை அவள் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. தம்பியோ மாமாவோ கொடுக்க வேண்டும். விசாரணை நாளில் அவள் சார்பில் அவர்தான் பேச வேண்டும். ஒருமுறை எனக்குத் தெரிந்த ஒருத்திக்கு அத்தாவும் இல்லை, கூடப் பிறந்த ஆணும் இல்லை. சின்னம்மாவின் மருமகனைப் பிடித்து அனுப்பினாள். அவர் நல்ல மனிதர். ஆனால் அடித்தது எங்கே, எப்படி என்று நாட்டாண்மை கேட்டபோது அதைச் சபையில் சொல்ல அவருக்குக் கூச்சமாகிவிட்டது. ‘சின்னச் சின்னச் சண்டைதான்’ என்று சொல்லிவிட்டார். அவள் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்தாள். இருபது நிமிடத்தில் சமரசம் முடிந்து, மறுநாளே கணவன் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லி முடிவு வந்தது. பள்ளியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஊரின் பெயரை மாற்றினாலும் இந்தக் கதை பெரிதாக மாறாது.

இங்கிருந்து இலக்கியத்துக்குப் போகிறேன், இந்த இருபது நிமிடங்கள் நம் புனைவுகளில் எப்படி வந்திருக்கின்றன என்று பார்க்க.

தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-இல் வந்தது. தேங்காய்ப்பட்டணத்துக் கரையில் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் அதிகாரம் எப்படி ஊரை ஆள்கிறது, பக்தியும் பயமும் எப்படி ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன என்பதை அதற்கு முன் இவ்வளவு கூர்மையாகத் தமிழில் யாரும் எழுதியதில்லை. சுறாப்பீலி வியாபாரம் செய்யும் மஹ்மூது ஒருவன்தான் முதலாளியை நிமிர்ந்து பார்க்கிறான். மீரானின் விமர்சனம் வர்க்கத்தின் மீதான விமர்சனம், அந்த அளவில் இன்றும் செல்லுபடியாகிறது. ஆனால் அங்கே அதிகாரத்தோடு மோதுவது ஓர் ஆண். ஒதுக்கினாலும், திட்டினாலும், அவன் சபையில் நிற்கக்கூடியவன். அவன் குரல் ஊர் காதில் விழும்.

2004-இல் வந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ சபைக்கு வெளியே நடக்கிறது. நாவலின் பெரும்பகுதி அடுக்களை, முற்றம், கட்டில், மாடி என்று வீட்டுக்குள்ளேயே நகர்கிறது. ஊரின் முடிவுகள் அங்கே தடையாக, வதந்தியாக, சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் சொல்லும் ஓரிரு வார்த்தைகளாக வந்து விழுகின்றன. பிர்தவ்ஸின் சாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு எந்த ஜமாஅத்தும் தண்டனை விதிக்கவில்லை. பெற்ற தாய் விஷத்தைக் கொடுக்கிறாள். ஊர் என்ன சொல்லும் என்பது தாயின் உடம்புக்குள்ளேயே குடியேறிவிட்ட பிறகு கூட்டம் கூட்டித் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இந்த நாவலைத் தமிழ் விமர்சகர்கள் ‘மூடிய சமூகத்தின் உள்ளிருந்து ஒரு குரல்’ என்று பாராட்டினார்கள். எனக்கு அந்தப் பாராட்டு எப்போதும் உறுத்தலாக இருந்திருக்கிறது. திரையை விலக்கிக் காட்டியதற்கான நன்றி மாதிரி ஒலிக்கிறது அது. சல்மா எழுதியது ஒரு நிர்வாக முறையைப் பற்றி, முடிவு எடுக்கும் இடத்துக்கும் அதை அனுபவிக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பற்றி. எழுதியவர் பொன்னம்பட்டிப் பேரூராட்சியின் தலைவராகவே உட்கார்ந்து கூட்டம் நடத்தியவர் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அரசியல் சட்டம் ஒதுக்கிய இருக்கையில் பெண் உட்கார முடிந்தது. நடந்துபோகும் தூரத்திலுள்ள ஜமாஅத்துக் கூட்டத்தில் அப்படியோர் இருக்கையே இல்லை.

இந்த இருவருக்கும் நடுவில் விட்டுப்போன இடத்தை நிரப்பும் கதையைக் கன்னடத்தில்தான் கண்டேன். பானு முஷ்தாக்கின் ‘கரி நாகரகளு’, கரிய நாகங்கள். 2025-இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற ‘ஹார்ட் லாம்ப்’ தொகுப்பில் தீபா பாஸ்தியின் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. அதற்கு வெகுமுன்பே கிரீஷ் காசரவள்ளி அதை ‘ஹசீனா’ என்று படமாக்கினார். அதில் நடித்த தாராவுக்குத் தேசிய விருது கிடைத்தது. பெண் பிள்ளைகளாகப் பெற்றாள் என்று கணவன் யாகூப் கைவிட்ட அஷ்ரஃப், நியாயம் கேட்டு முத்தவல்லியிடம் அலைகிறாள். அவர் தள்ளிப்போடுகிறார். கடைசியில் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

அந்த உட்காருதலை எதிர்ப்பு என்று படிப்பவர்கள் உண்டு. படம் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. எனக்குக் கதை வேறு மாதிரி படுகிறது. அஷ்ரஃப் பள்ளியை எதிர்த்து அங்கே வரவில்லை, நம்பி வந்திருக்கிறாள். மார்க்கம் தனக்கு என்ன உரிமை தந்திருக்கிறது என்று படித்த ஒருத்தி, ஜுலைகா பேகம், அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். மலர்க் கட்டுரைகள் எழுதுகிற அதே வாக்கியத்தை, பள்ளிவாசல் சமூகத்தின் மையம் என்பதை, அந்த ஊரில் உள்ளபடியே எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். மதீனாவில் வழக்குக் கேட்கப்பட்டது என்றால் என் வழக்கும் கேட்கப்பட வேண்டும். அதற்குக் கிடைத்த பதில் வன்முறை. குழந்தை செத்துப்போகிறது. பிறகு தெருப் பெண்கள் முத்தவல்லியைச் சபிக்கிறார்கள், கரிய நாகங்கள் உன்னைச் சுற்றட்டும் என்று. மனுவாக வந்தபோது காதில் ஏறாத பேச்சு சாபமாக வந்து ஏறுகிறது. முத்தவல்லியின் மனைவி ஆமினா, பிள்ளைப்பேறு போதும் என்று, அவர் அனுமதிக்காத அறுவை சிகிச்சைக்குத் தானே கிளம்பிப் போகிறாள். அந்த இடத்தில் ஆசிரியர் ஒரு சொல்கூட விளக்கவில்லை.

பானு முஷ்தாக் வழக்கறிஞர். மனுக்களின் மொழி அவருக்குத் தெரியும். பெண்கள் பள்ளிவாசலுக்குள் போகலாம் என்று பேசியதற்காக 2000-இல் அவரும் குடும்பமும் மூன்று மாதம் சமூகப் புறக்கணிப்பைச் சந்தித்தார்கள். கதையை அந்த விலையோடு சேர்த்துத்தான் நாம் வாசிக்கிறோம்.

அஷ்ரஃப் ஏன் நீதிமன்றத்துக்குப் போகவில்லை என்று வகுப்பில் மாணவிகள் கேட்பார்கள். ஜீவனாம்சச் சட்டம் இருக்கிறதே, 2017-இல் உச்ச நீதிமன்றமே முத்தலாக்கைச் செல்லாது என்று சொல்லிவிட்டதே. கேள்வி நியாயமானதுதான். பதில் தூரத்தில் இருக்கிறது. நீதிமன்றம் தாலுகா தலைநகரில், பஸ் கட்டணத்துக்கு அப்பால், வாய்தாக்களுக்கு அப்பால் இருக்கிறது. பள்ளிவாசல் தெருமுனையில். காசு கேட்காது. அவள் பேசும் மொழியிலேயே பேசும். எதிராளி கோர்ட் சம்மனுக்கு ஓடி ஒளிவான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்துதான் ஆக வேண்டும், அங்கே அவனைப் பிடிக்கலாம். பள்ளிவாசல் வளாகங்களில் நீதிமன்றம்போல் அமைப்புகள் நடத்தக் கூடாது என்று 2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது முற்போக்கு நண்பர்கள் பலர் மகிழ்ந்தார்கள். தீர்ப்பு என்ற பெயரில் நடந்த அத்துமீறல்களைப் பார்த்தால் அந்த மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் கேட்கும் இடத்தை மூடிவிட்டால் கேட்க வேண்டிய வழக்கு மூடிவிடுமா? பலகையைக் கழற்றிவிட்டு அதே ஆண்கள் அதே வேலையை யாராவது ஒருவர் வீட்டு வரவேற்பறையில் செய்வார்கள். அங்கே பதிவேடும் இருக்காது.

புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் இதை எல்லோருக்கும் முன்பே புரிந்துகொண்டவர். ஸ்டெப்ஸ் அமைப்பை நடத்திவந்த அவர் 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைக் கூட்டினார். பெண்ணின் வழக்கைப் பெண் இல்லாமல் விசாரிக்கிறார்கள் என்பதே அவருடைய அடிப்படைப் புகார். வரதட்சணையில் பள்ளிவாசலுக்குப் பங்கு வாங்கும் வழக்கத்தையும் அவர் சந்தியில் இழுத்துவிட்டார். தீபா தன்ராஜ் 2011-இல் எடுத்த ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ ஆவணப்படத்தில் அந்த ஜமாஅத் நடக்கும் விதத்தைப் பார்க்கலாம். தரையில் வட்டமாக உட்கார்ந்த பெண்கள், நடுவில் தாள்கள். மனு கொண்டுவந்தவளே பேசுகிறாள். அடித்தது எங்கே என்று கேட்டால் இங்கே என்று காட்டுகிறாள். படத்தின் பலம் அதன் பொறுமை. அழுகையை வெட்டி ஒட்டி நம்மை உருக வைக்காமல், விசாரணை என்ற வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைக் காட்டுகிறது. என் இருபது நிமிடக் கணக்கு அங்கேதான் எனக்குப் புரிந்தது.

பெண்களுக்கென்று ஒரு பள்ளிவாசல் கட்ட வேண்டும் என்று ஷரீஃபா அறிவித்தபோதுதான் பெரிய கூச்சல் எழுந்தது. தனிப் பள்ளி கேட்பது மார்க்கத்தை உடைப்பது என்றார்கள், பெண்கள் வீட்டில் தொழுவதே சிறப்பு என்றார்கள். எதிர்த்தவர்கள் அதைத் தொழுகைப் பிரச்சினையாகவே பார்த்தார்கள். பத்திரிகைகளும் ‘உலகின் முதல் பெண்கள் மசூதியா?’ என்கிற வியப்போடு நின்றுகொண்டன. அவர் கேட்டது தொழ ஒரு கூடம் மட்டும் அல்ல. பள்ளியோடுதான் ஜமாஅத் வருகிறது, ஜமாஅத்தோடுதான் பதிவேடும் விசாரணையும் வருகின்றன. அந்தத் தர்க்கத்தை அவர் தலைகீழாகப் பிடித்தார். பள்ளி இருந்தால்தான் ஜமாஅத் என்றால், எங்களுக்கும் ஒரு பள்ளி.

இந்தக் குழப்பம் இன்றைக்கும் தீரவில்லை, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்கள் பள்ளிக்குள் வரத் தடையில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் 2020-இலும் 2023-இலும் உச்ச நீதிமன்றத்தில் எழுத்துபூர்வமாகவே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் தவ்ஹீத் இயக்கங்களின் பள்ளிகளில் பெண்களுக்குத் தொழும் இடம் இருக்கிறது. வரதட்சணைக் கல்யாணத்தில் சாப்பிட மாட்டோம் என்று அந்த இயக்கங்கள் எடுத்த நிலைப்பாடு பல பெற்றோரைக் காப்பாற்றியிருக்கிறது. பெண்ணியவாதிகள் இதை உரக்கச் சொல்லத் தயங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. அதே இயக்கங்கள்தான் தர்காக்களுக்கு எதிராகவும் பேசின. நாகூரிலும் சின்னச் சின்ன ஊர் தர்காக்களிலும் பெண்கள் ஆணின் துணையில்லாமல் வந்து, உட்கார்ந்து, அழுது, தூங்கி, மற்றப் பெண்களோடு பேசிவிட்டுப் போனார்கள். மனுவை இறந்துபோன அவுலியாவிடம் நேரில் கொடுக்க முடிந்தது. அந்தக் கூடாரம் பிடுங்கப்பட்டதற்கு ஈடாகக் கிடைத்தது திரை போட்ட ஒரு கூடம். காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்று தனித் தைக்காக்கள் வெகுகாலமாக இருக்கின்றன, பெண்கள் நடக்கத் தனி முடுக்குகளும் உண்டு. பெண்ணுக்கு இடம் ஒதுக்கத் தெரியாத சமூகம் அல்ல இது. ஒதுக்கிய இடத்திலிருந்து பதிவேடு இருக்கும் அறைக்குப் போக வழி விடவில்லை, அவ்வளவுதான்.

நபிமொழித் தொகுப்புகளில் ஒரு செய்தி வருகிறது. நபிகளின் பள்ளியைப் பெருக்கிவந்த ஒரு கறுப்பினப் பெண் இறந்துபோனாள். பெரிய விஷயமாகக் கருதாமல் தோழர்கள் இரவிலேயே அடக்கிவிட்டார்கள். பிறகு அவளைக் காணோமே என்று நபிகள் கேட்டார், தனக்கு ஏன் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டார், கப்ரைக் காட்டச் சொல்லிப் போய்த் தொழுதார். பயானில் இதைப் பள்ளியைச் சுத்தமாக வைத்திருப்பதன் சிறப்புக்காகச் சொல்வார்கள். நான் இதை அறிவிப்புப் பற்றிய செய்தியாகப் படிக்கிறேன். ஒருத்தியின் சாவு தகவலாகக்கூட வந்து சேராமல் போனதைத் தவறு என்று சொல்லும் செய்தி அது. எங்கள் ஊர் ஒலிபெருக்கிக்கு இதைவிட வலுவான ஆதாரம் யார் தர முடியும்?

இதையெல்லாம் பேசினால் இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வரும். ஒரு பக்கத்தில் முஸ்லிம் பெண்ணின் மீது திடீர்க் கருணை பொழிகிறவர்கள்; அவர்களுடைய மேடையில் என் கட்டுரையைக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். மறுபக்கத்தில் நம்மவர்கள்: இது நேரமில்லை. 1992 டிசம்பர் 6-க்குப் பிறகும் நேரமில்லை. வக்ஃப் திருத்தச் சட்டம் வந்த 2025-இலும் நேரமில்லை. பள்ளியே இருக்குமா என்று கேட்கும் காலத்தில் பள்ளிக்குள் யார் இருப்பது என்று கேட்கலாமா? இந்தக் கேள்வியின் பயம் உண்மையானது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். நீண்டகாலப் பயன்பாட்டாலேயே ஒரு இடம் வக்ஃபாகும் என்ற பழைய ஏற்பாட்டைச் சட்டத்திலிருந்து நீக்கும்போது, பத்திரம் இல்லாத கிராமத்துப் பள்ளிக்கும் மையவாடிக்கும் என்ன ஆகும் என்று நானும்தான் கவலைப்படுகிறேன். நன்னிமா அங்கேதான் கிடக்கிறார். ஆனால் வக்ஃப் வாரியத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும் என்று 2013-இலேயே சட்டம் வந்தது, அதற்கும் முன்பே தமிழ்நாடு வக்ஃப் வாரியத்துக்குப் பதர் சயீத் என்ற பெண் தலைவராக இருந்தார், அதனால் இஸ்லாத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. மாநிலத்தின் உச்சியில் பெண் உட்காரலாம், மஹல்லாவில் கூடாது என்பதற்கு மார்க்கத்தில் என்ன காரணம் இருக்கிறது என்று எனக்கு எந்த ஹஜ்ரத்தும் இன்னும் சொல்லவில்லை.

2020 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராகப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். இரவும் பகலும், கைக்குழந்தைகளோடு. அப்போது பெண் வெளியே வருவது ஃபித்னா என்று யாரும் சொல்லவில்லை. ஜமாஅத்துகள் பந்தல் போட்டன, சாப்பாடு கொடுத்தன, மேடையில் பெண்கள் மைக் பிடித்தபோது ஆண்கள் கைதட்டினார்கள். சமூகத்தைக் காக்கப் பெண் பேசலாம் என்று அன்றே முடிவாகிவிட்டது. தன்னைக் காக்கப் பேசுவது மட்டும் பாக்கி.

நான் கேட்பது பெரிதல்ல. சந்தா கட்டுகிற பெண்ணுக்கு அவள் பெயரில் ரசீது. மௌத்து அறிவிப்பில் அவள் பெயர். மனுவை அவள் கையாலேயே வாங்கிக்கொள்வது, விசாரணையில் அவளே பேசுவது, விசாரிக்கிறவர்களில் இரண்டு பெண்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் நிர்வாகத்தில் இருக்கும் உறவினர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பொம்பளைங்க வந்தா எங்கம்மா உட்கார வைக்கிறது? பள்ளியின் தூய்மை, ஒளு, மாதவிலக்கு என்று பேச்சு நீளும். விசாரணை தொழுகைக் கூடத்தில் நடப்பதேயில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். பள்ளிக்கு வெளியே, ஹவுளுக்கு எதிர்ப்புறம், பீரோவும் டீ கிளாஸ்களும் வைத்திருக்கும் ஆபீஸ் ரூமில் நடக்கிறது. அங்கே ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கின்றன.